குமிழியை நம்பாதீங்க பாஸ்!

மக்களே, இந்த வாரம் நம்ம கையில சிக்கியிருக்கறது ஒரு குட்டி பிளாஸ்டிக் ஐட்டம். பேரு 'ஏர்லாக்'. அமெரிக்காவுல வீட்டுலயே பியர் தயாரிக்கற பார்ட்டிகளோட செல்லப்பிள்ளை.

'ஆஹா, ரெசிப்பி வரப்போகுது'ன்னு யாரும் நோட்டைத் திறக்க வேணாம். தமிழ்நாட்டுல வீட்டுல பியர் காய்ச்சறது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கடையில வாங்கறதுக்கே 21 வயசு ஆகணும். எனக்கு இன்னும் ஆகலை! அமெரிக்காவுலயே 1978-ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டு பியருக்கு வரிவிலக்கு கிடைச்சு, மத்திய சட்டம் வழிவிட்டுச்சு. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரைக்கும் மூச்... கூடாதுன்னு நின்ன மாநிலங்கள். ஸோ, நமக்கு பியர் வேணாம். அதுக்கு மேல உட்கார்ந்திருக்கற ஃபிசிக்ஸ் போதும்.

ஏர்லாக்னா என்ன? உங்க ஹாஸ்டல் வாஷ் பேசினுக்குக் கீழே குனிஞ்சு பாருங்க. குழாய் நேரா இறங்காம ஒரு வளைவு வளைஞ்சு போகும். அந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். நீங்க ஊத்தற தண்ணி கீழே போகும். சாக்கடை நாத்தம் மேலே வராது. லண்டன்ல கடிகாரம் செஞ்சுக்கிட்டு இருந்த அலெக்ஸாண்டர் கம்மிங், 1775-ல இந்த வளைவை வெச்சுத்தான் டாய்லெட்டுக்கு பேட்டன்ட் வாங்கினார். அதே ஐடியாவைச் சின்னதா பண்ணி, பியர் ஊறுற வாளியோட மூடியில செருகினா... ஏர்லாக்! உள்ளே இருக்கற கேஸ் தண்ணியைத் தள்ளிக்கிட்டு 'பளக்... பளக்'னு வெளியே வரும். வெளிக்காத்து உள்ளே போகாது.

இது எதுக்கு? ஈஸ்ட் சர்க்கரையைச் சாப்பிட்டு ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்ஸைடும் விடும். கணக்குப்படி 180 கிராம் குளுக்கோஸ் முழுசா மாறினா 92 கிராம் ஆல்கஹால், 88 கிராம் கேஸ். அமெரிக்கக்காரங்க வழக்கமா ஒரு தடவைக்கு 5 கேலன், அதாவது 19 லிட்டர் போடுவாங்க. சாதாரண பியர்னா அதுலேர்ந்து கிளம்பற கேஸ் சுமார் 400 லிட்டர்! டைட்டா மூடினா வாளி வெடிக்கும். திறந்து போட்டா, நொதிக்கறது அடங்கின பிறகு காத்துல இருக்கற ஆக்ஸிஜனும் பாக்டீரியாவும் உள்ளே பூந்து பியரை வினிகர் ஆக்கிடும். 'போறவன் போகலாம், வர்றவன் வரக்கூடாது'ன்னு நிக்கற வாட்ச்மேன்தான் ஏர்லாக்.

இதுவரைக்கும் ஓகே. இனிமேதான் வில்லங்கம். வாட்ச்மேனை நம்ம ஆளுங்க மீட்டரா மாத்திட்டாங்க! 'நிமிஷத்துக்கு எத்தனை குமிழி வருது?'ன்னு எண்ணறது. குமிழி வரலைன்னா 'ஈஸ்ட் செத்துப்போச்சு'ன்னு ஒப்பாரி. நின்னுபோச்சுன்னா 'வேலை முடிஞ்சுது, பாட்டில்ல அடை'ன்னு அவசரம். ரெண்டுமே தப்பு.

கால்குலேட்டரை எடுங்க. ஏர்லாக்ல நிக்கற தண்ணி 2.5 சென்டிமீட்டர்னு வெச்சுப்போம். அதைத் தள்ள வேண்டிய அழுத்தம் 250 பாஸ்கல்கூட வராது. நம்ம தலைக்கு மேல இருக்கற காத்தழுத்தமோ 1,01,325 பாஸ்கல். மூடின வாளிக்குள்ள இருக்கற கேஸ் 20 டிகிரியிலேர்ந்து 21 டிகிரிக்குச் சூடானாலே அழுத்தம் சுமார் 345 பாஸ்கல் ஏறும். அதாவது, ஈஸ்ட் குறட்டை விட்டுத் தூங்கினாலும், மதிய வெயில் ஏறினா குமிழி வரும்! ராத்திரி குளிர்ந்தா உல்டா... ஏர்லாக் தண்ணியை வாளி உள்ளே உறிஞ்சும். அதனாலதான் சில பேர் அதுல தண்ணிக்குப் பதிலா வோட்கா ஊத்தி வெக்கறாங்க.

மூடி கொஞ்சம் லூஸா இருந்தாலும் கதை மாறிடும். கேஸ் ஓரமா நழுவிப் போயிடும், ஏர்லாக் கம்முனு இருக்கும், உள்ளே ஈஸ்ட் விருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கும். 'சத்தம் இல்லை, முடிஞ்சுது'ன்னு அப்ப பாட்டில்ல அடைச்சா? மிச்ச சர்க்கரையை ஈஸ்ட் பாட்டிலுக்குள்ள தின்னும். கேஸுக்குப் போக்கிடம் கிடையாது. வழக்கத்தைவிட மூணு மடங்கு அழுத்தம்கூட ஏறலாம். கண்ணாடி பாட்டில் வெடிச்சுச் சில்லு பறக்கும். அதுக்கு அவங்க வெச்சிருக்கற பேரே 'பாட்டில் பாம்'! கண்ணு, கை போற விஷயம் பாஸ்.

அப்ப என்னதான் பண்றது? ஹைட்ரோமீட்டர்! ப்ளஸ் டூ லேப்ல மிதக்க விட்டோமே, அதேதான். சர்க்கரை கரைசல் தண்ணியைவிட அடர்த்தி. ஆரம்பத்துல 1.050 காட்டற பியர், சர்க்கரை தீரத் தீர 1.010 பக்கம் இறங்கும். எதிர்பார்த்த எண்ணுக்குப் பக்கத்துல வந்து, ரெண்டு மூணு நாள் அசையாம நின்னாத்தான் வேலை முடிஞ்சுது. அது உள்ளே என்ன நடந்துச்சுன்னு சொல்லுது. ஏர்லாக் வாசல்ல கேட்ட சத்தத்தை மட்டும் சொல்லுது.

இன்னொரு தமாஷ். இங்கிலாந்தோட யார்க்‌ஷையர்ல, பலகைக்கல் தொட்டியில திறந்த மேனிக்கே பியரை நொதிக்க வெக்கற பழைய வழக்கம் இருக்கு. ஏர்லாக்கும் கிடையாது, குமிழி எண்ணற வேலையும் கிடையாது. நுரையும் மேலே எழும்பற கேஸும்தான் காவல். அளவு எடுத்துத்தான் முடிவு பண்றாங்க.

சிரிக்காதீங்க, நம்ம வீட்டுலயும் ஒரு ஏர்லாக் இருக்கு. பிரஷர் குக்கர்! 'மூணு விசில் வந்தா பருப்பு வெந்துடும்'னு அம்மா சொல்றது, அவங்க அடுப்புக்கும் அவங்க குக்கருக்கும் சரி. ரூம்ல நீங்க அடுப்பைப் பெரிசா வெச்சா மூணு விசில் பறந்து வரும், பருப்பு கல்லா இருக்கும். கேஸ்கட் தேஞ்சிருந்தா விசிலே வராது, அடி பிடிச்ச வாசனைதான் வரும். பருப்பை வேக வெக்கறது சூடும் நேரமும். விசில் வெறும் விசில்தான்.

சத்தத்தை எண்ணறது ஈஸி. உள்ளே விட்டு அளக்கறதுதான் கஷ்டம். ஆனா பாட்டிலை அடைக்கற முன்னாடி, அந்தக் கஷ்டத்தைப் பட்டே ஆகணும்.

அடுத்த வாரம்: கடைசி ரவுண்டுல வாஷிங் மெஷின் ஏன் டான்ஸ் ஆடுது? வர்ட்டா!