4,000 பேர் குடியிருந்த ‘ஆளில்லாத’ மலை

போன வாரம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒருவர் என் கையில் நோட்டீஸைத் திணித்தார். ஒருநாள் கொடைக்கானல் டூர், வேன், மதியம் பிரியாணி. எல்லாம் சரி. தலைப்பில்தான் வில்லங்கம்: ‘1845-இல் அமெரிக்கர்கள் கண்டுபிடித்த மலைகளின் இளவரசி’. அதற்கு முன்னாடி அங்கே யாரும் இல்லையா என்று கேட்டேன். “வெறும் காடு சார்” என்றார், கூடவே இருந்து பார்த்தவர் மாதிரி.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் சொந்தபந்தத்தில் பாதிப் பேர் இதையேதான் ஒப்பிக்கிறார்கள். வாத்தியார் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்களும் சேர்த்தி.

1821-இல் கொடைக்கானல் இருக்கும் பழனி மலையை அளக்கப் போன லெப்டினன்ட் வார்டு, குன்னுவர்கள் வாழும் வெள்ளகவி கிராமத்தில்தான் முகாம் போட்டார். மலை மேலே சுமார் 4,000 பேர் ஒழுங்கான ஊர்களில் குடியிருக்கிறார்கள் என்று அறிக்கையும் கொடுத்தார். வெள்ளைக்காரன் சொன்னால்தான் நம்புவேன் என்பவர்கள் இதையாவது நம்பலாம், எழுதியவர் வெள்ளைக்காரர். 24 வருஷம் கழித்து அதே மலையை அமெரிக்க மிஷனரிகள் ‘கண்டுபிடித்தார்கள்’ என்றால், வெள்ளகவிக்காரர்கள் அதற்குள் எங்கே போயிருந்தார்கள்? பழனிக்குப் பாதயாத்திரையா?

நடந்தது இவ்வளவுதான். 1834-இல் மதுரையில் கால்வைத்த அமெரிக்கன் மிஷன்காரர்களைக் காலராவும் காய்ச்சலும் வாட்டி எடுத்தன. முதலில் நம்ம சிறுமலையில் ஏறிப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அப்புறம்தான் 1845-இல் கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களா கட்டினார்கள். உயிருக்குப் பயந்து குளிர்ச்சியான இடம் தேடியதில் தப்பே இல்லை; சித்திரை வெயிலில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் இரண்டு வீடு கட்டினால் மலையையே கண்டுபிடித்ததாகிவிடுமா? அந்தக் கணக்கில், பழனி ரோட்டில் பிளாட் வாங்கிய என் மச்சானும் கொலம்பஸ்தான்.

மேலே எப்படிப் போனார்கள் என்று பாருங்கள். ரயில் வந்த பிறகுகூட, அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் கிருஷ்ணம்மநாயக்கன்தோப்புக்குப் போய், அங்கிருந்து கம்பு கட்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்கள். துரையும் துரைசாணியும் மூட்டைமுடிச்சும் கூலிக்காரர்களின் தோளில் மலையேறும். பாதை தெரிந்தவன் தூக்கினான், தூக்கப்பட்டவன் கண்டுபிடித்தான்!

இந்த வித்தை அவர்கள் ஊர்ச் சரக்கு. 1620-இல் மாசசூசெட்ஸின் பிளிமத்தில் குடியேறிய வெள்ளைக்காரர்களின் இடம் பாட்டுக்ஸெட் என்ற பழங்குடி ஊர். கொள்ளைநோயில் ஊரே செத்துக் காலியாகக் கிடந்தது. பிறத்தியார் திருத்திவைத்த நிலத்தில் இறங்கிக்கொண்டு, காட்டை நாடாக்கியதாகப் பேர் வாங்கிவிட்டார்கள். மதுரைக்கு மிஷன் அனுப்பிய அமெரிக்கன் போர்டின் தலைமையகமும் அதே மாசசூசெட்ஸில், பாஸ்டனில்தான்.

அமெரிக்கா என்றதும் இன்னொரு எரிச்சல். 1781-இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் படையோடு சரணடைந்த கார்ன்வாலிஸ்தான், 1792-இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதி வாங்கியவர். அங்கே தோற்றவரிடம் நாம் மாட்டினோம். அந்தக் கம்பெனியை எதிர்த்து நின்ற விருப்பாட்சி கோபால் நாயக்கர் 1801-இல் தூக்கில் தொங்கினார். மலையில் பங்களா கட்டியவர்களின் பெயரை மூச்சுவிடாமல் சொல்கிறவர்களிடம், ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விருப்பாட்சியைப் பற்றிக் கேளுங்கள். “அருவி இருக்குமே, அதுவா?” என்பார்கள்.

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் இந்தப் பழனி மலை நாட்டுக்காரன். ஆளே இல்லாத காட்டையா அவன் ஆண்டான்? தாண்டிக்குடியில் கற்திட்டைகள் நிற்கின்றன. செத்தவனுக்கு அவ்வளவு பெரிய கல்லை நிமிர்த்தியவன் டூர் வேனிலா வந்து போனான்? பூம்பாறைக் குழந்தை வேலப்பரை யார் கும்பிட்டார்கள்? மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதைப் பரம்பரையாகப் போட்டு வந்தவர்களும் பாஸ்டன்காரர்களா?

அமெரிக்கா கொடைக்கானலுக்குத் தந்தது ஒன்று நிச்சயமாக உண்டு. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையைப் பெயர்த்து 1980-களில் இங்கே கொண்டுவந்தார்கள். பாதரசக் கழிவு வெளியே வந்து, 2001-இல் அது மூடப்பட்டது. அதைப் பற்றி எந்த டூர் கைடும் வாய் திறப்பதில்லை.

வெள்ளகவிக்கே வருகிறேன். ஊருக்குள் செருப்புப் போடாத அந்தக் கிராமத்திலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கிவந்த செய்தியைப் பேப்பரில் எத்தனையோ தடவை படித்தாயிற்று. துரைகள் டோலியை விட்டு மோட்டாருக்கு மாறி நூறு வருஷம் ஆயிற்று. மலைமேல் அவர்கள் உண்டாக்கிய ஊருக்கு வத்தலக்குண்டு வழியாக ரோடு போய்விட்டது. 1821-லேயே சர்வேக்காரர் தங்கிய ஊர்க்காரர்கள், இருநூறு வருஷம் தாண்டியும் ரோடு கேட்டுக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.