நைட் ஷிஃப்ட் ஒரு திறமை அல்ல

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. 2003இலிருந்து இதுதான் வழக்கம். அதற்கடுத்த சனி, ஞாயிறு இரவுகளில் சென்னையிலும் கோவையிலும் நம்ம பிள்ளைகள் விண்டோஸ் சர்வர் ஒவ்வொன்றிலும் நுழைந்து, அப்டேட் பட்டனை அழுத்தி, ரீஸ்டார்ட் ஆகும்வரை டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் ஸ்க்ரீன்ஷாட் ஒட்டிய ஒரு வேர்ட் ஃபைல். இதற்குப் பெயர் அனுபவமாம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். நாற்பது சர்வர். விடிகாலை நான்கு மணிக்கு ஒன்றில் மட்டும் ஒரு சர்வீஸை ஸ்டார்ட் செய்ய மறந்துவிட்டேன். காலையில் பில்லிங் நின்றது. "கவனம் பத்தாது தம்பி" என்றார்கள். ஒரே காரியத்தை நாற்பது தடவை தூக்கக் கலக்கத்தில் செய்யச் சொல்லிவிட்டு, கவனத்தைக் குறை சொல்வது அயோக்கியத்தனம்.

பிறகு ஆன்சிபிளுக்கு விண்டோஸ் மாட்யூல் எழுதக் கற்றேன். அதற்கு பவர்ஷெல் தெரிந்தால் போதும். அவசரத்துக்கு எழுதும் ஸ்கிரிப்ட் 'இதைச் செய்' என்று மட்டும் சொல்லும். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்க்கும் ஸ்கிரிப்டை இரண்டு தடவை ஓட்டினால் இரண்டு வரி. நல்ல மாட்யூல் 'இது இப்படி இருக்க வேண்டும்' என்று சொல்லும். முதலில் பார்க்கும். சரியாக இருந்தால் கை வைக்காது. இல்லையென்றால் மட்டும் மாற்றும்; மாற்றியதைச் சொல்லவும் சொல்லும். பத்துத் தடவை ஓட்டினாலும் ஒரே முடிவு.

எழுதி முடித்ததும் சீனியர் ஒருவர் கேட்டார்: "இதையெல்லாம் எழுதிட்டா நமக்கு என்னப்பா வேலை?"

அந்தப் பயம் பொய்யில்லை. மிச்சமாகும் மணிநேரத்தை நிர்வாகம் ஆள்குறைப்பாக மாற்றப் பார்க்கும். அதை எதிர்த்துச் சண்டை போடத்தான் வேண்டும். ஆனால் தூக்கத்தை அடகு வைத்து வேலையைக் காப்பாற்றுவது சண்டையே இல்லை. எல்லாவற்றையும் தன் தலைக்குள் வைத்திருந்த அந்த மனிதருக்கு ஒரு நாள் நிம்மதியாக லீவு கிடைத்ததில்லை.

"ஆட்டோமேஷன் தப்பு செஞ்சா மொத்தமா செய்யுமே?" செய்யும். 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக்கின் ஒரே ஒரு அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்க வைத்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று பிழை, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதிலும் இருந்தது. முதலில் இரண்டு சர்வர், பிறகு பத்து, பிறகு மற்றவை என்று போவதையும் கோடில் எழுதலாம். வேர்ட் ஃபைலில் எழுதினால் யாரும் மதிப்பதில்லை.

இப்போது பொன்னமராவதியில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து வேலை பார்க்கிறேன். இந்தத் தடவை கொன்னையூர் மாரியம்மன் திருவிழாவுக்குப் போனபோது போன் பையிலேயே கிடந்தது. என் மாட்யூலை வாசித்துப் புரிந்துகொண்ட ஒரு ஜூனியர் பெண் அன்று வேலையை ஓட்டினாள். நான் இல்லாமலும் வேலை நடந்தது. அதற்கு நான் பயப்பட வேண்டுமென்று சொல்பவர்களிடம் எனக்குச் சண்டை இருக்கிறது.