பிழைத்த கன்றுக்கே கூலி

மறு நடவுக்காகக் குன்றை மொட்டையடித்த பின் பெய்யும் முதல் மழையில் ஓடை எப்படி ஓடும் என்பதைத் தோட்டத் தொழிலாளிக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. செம்மண் கரைந்து குழம்பாக ஓடும். மழை விட்டதும் ஓடையும் ஓய்ந்துவிடும். மரம் நின்றால் இலை மழையின் வேகத்தைத் தாங்கும். வேர் மண்ணைப் பிடிக்கும். நீர் நிலத்துள் இறங்கி ஊற்றாகும்.

இதைப் பட்டறிந்த இன்னொரு கூட்டத்தார் கென்யா நாட்டுக் கிராமப் பெண்கள். காடு அழிந்து அங்கே தேயிலையும் காப்பியும் எழுந்தன. ஓடைகள் வற்றின, விறகுக்கும் தண்ணீருக்கும் பெண்கள் நெடுந்தூரம் நடந்தனர். சிறுமியாய்த் தாம் நீர் மொண்ட ஓடையே வற்றக் கண்ட வங்காரி மாத்தாய் அம்மையார், 1977இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். எழுதப் படிக்க அறியாத பெண்களும் உடைந்த பானைகளில் விதையூன்றி, கோழி கொத்தாமல் காத்துக் கன்று வளர்த்தனர். பழம், தீவனம், விறகு தரும் மரங்களை வயலோரங்களில் நட்டனர். 5 கோடிக்கு மேல் மரம் வளர்த்ததாக அவ்வியக்கம் கணக்குச் சொல்கிறது.

அங்கே ஒரு விதி உண்டு. நட்ட கன்றுக்குப் பணமில்லை. பிழைத்த கன்றுக்கே சிறு தொகை. இது கூலியைப் பிடித்துக்கொள்ளும் தந்திரமன்றோ என்று நம் தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதலாளியின் மரத்துக்கு உழைப்பவனிடம் இப்படிச் சொன்னால் அது அநியாயமே. மழையும் வெயிலும் செய்த நட்டத்தைத் தொழிலாளி தலையில் கட்டுவதாகும். அதைச் சங்கம் ஒருநாளும் ஏற்காது. ஆனால் அப்பெண்கள் தங்கள் நிலத்திலும் ஊர்ப் பொது இடத்திலும் நட்டார்கள். பழமும் விறகும் அவர்களுக்கே. ஓடை ஊறினால் குடமும் அவர்களுடையதே. ஆகவேதான் மரம் பிழைத்தது.

அது எளிதில் வந்த வெற்றியுமன்று. கருரா காட்டைத் தனியாருக்குத் தாரை வார்ப்பதை எதிர்த்து 1999இல் மரம் நடச் சென்ற அம்மையாரின் தலையை அடியாட்கள் உடைத்தனர். 2004இல் உலகம் அவருக்கு நோபல் சமாதானப் பரிசளித்தது.

நம் பக்கத்து மரம் நடு விழாக்களை நினைத்துப் பாருங்கள். பிரமுகர் மண்வெட்டி பிடிப்பார், படம் எடுப்பார்கள், மறுமாதம் கன்று காய்ந்திருக்கும். தண்ணீர் ஊற்ற ஆளில்லை, கேட்க உரிமையுள்ளவரும் இல்லை.

எனவே தோழர்களே, ஓடைக்கரையில் மரம் நட உங்களை அழைத்தால் தயங்காமல் செல்லுங்கள். ஆனால் முதலில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மரம் யாருக்கு? பராமரிக்கும் நாளுக்குக் கூலி உண்டா? எந்த மரம் என்று முடிவு செய்வதில் நமக்கு இடமுண்டா? கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். கிராணிமார்கள் கோரிக்கையை எழுத்தில் வடித்துத் தரட்டும். ஊராருக்குப் பங்குள்ள மரமே நிற்கும். அது நின்றால்தான் ஓடை ஓடும் என்பதே நமது கருத்து.