சுவர் வீட்டுக்காரருடையது

“அடுப்பு வாடகைக்கு இருப்பவருடையது, ஆபத்தும் அவர் பொறுப்பு.” இறக்கக்கண்டியில் வீடு வாடகைக்கு விடுவோர் சிலரின் இந்த வாதத்தை ஏற்கமுடியாது.

2021 நவம்பரில் இலங்கையெங்கும் எரிவாயு அடுப்புகள் வெடித்தன. ஆராய்ந்த ஜனாதிபதிக் குழு, புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறியதையே முக்கிய காரணமாகக் கண்டது. சமைத்தவர் மீது பழி போடுவது நியாயமா?

குழாயையும் ரெகுலேட்டரையும் கவனிப்பது குடியிருப்பவர் கடமைதான். ஆனால் இந்த வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு தேங்கும். வெளியேறச் சுவரின் அடியில் துவாரம் வேண்டும். ஆணி அடிக்கவே அனுமதி கேட்பவர் சுவரை எப்படி உடைப்பார்?

யன்னலில்லாத மூலையைக் குசினியென்று காட்டி முற்பணம் வாங்கியவரே காற்றோட்டத்துக்கும் பொறுப்பு. அதை வாடகை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உள்ளே சமைப்பது உயிருள்ள மனிதர்கள்.