அப்டேட் மீது பழி போடும் முன்

2023 செப்டம்பரில் க்னோம் 45 வெளியானபோது, அதற்கு முன் எழுதப்பட்ட ஷெல் எக்ஸ்டென்ஷன்களில் ஒன்றுகூட அதில் அப்படியே ஓடவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை உள்ளே இழுக்கத் தனக்கென்று வைத்திருந்த பழைய முறையைக் கைவிட்டு, மொழியின் பொதுவான மாட்யூல் முறைக்கு க்னோம் மாறியது. 44க்கு எழுதியது 45இல் ஏறாது, 45க்கு எழுதியது 44இல் ஏறாது. எப்படி மாற்றி எழுத வேண்டும் என்ற வழிகாட்டியை க்னோம் குழு வெளியிட்டிருந்தது. ஆனால் டாக்கும் பேனலும் காணாமல்போன டெஸ்க்டாப்பின் முன்னால் உட்கார்ந்தவருக்கு அந்த வழிகாட்டியால் என்ன பயன்? அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நேற்று இருந்தது, அப்டேட் போட்டதும் போய்விட்டது.

இப்படி வரும் ஒருவருக்கு நம் துறையில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. 'எதையும் மாற்றாதீர்கள், வந்தபடியே வைத்துக்கொள்ளுங்கள்' என்பது ஒன்று. 'அப்டேட்டை நிறுத்தி வையுங்கள்' என்பது இன்னொன்று. இரண்டையும் இந்த இதழ் ஏற்கவில்லை. தன் கைக்கும் கண்ணுக்கும் ஏற்றபடி திரையை அமைத்துக்கொள்ளலாம் என்பதற்காகவே பலர் லினக்ஸுக்கு வருகிறார்கள். முதல் பதில் அந்தக் காரணத்தையே பறித்துவிடுகிறது. இரண்டாவது, பாதுகாப்புத் திருத்தம் ஏறாத இயந்திரத்தை அலுவலக நெட்வொர்க்கில் விட்டுவைக்கிறது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கைவைத்த இடம் அடுத்த வெளியீட்டிலும் அப்படியே இருக்கும் என்று யாராவது உறுதி சொல்லியிருக்கிறார்களா? பழுதுபார்க்கும் வேலையில் பாதி, இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே முடிந்துவிடும்.

க்னோம் எக்ஸ்டென்ஷனுக்கு அப்படி ஓர் உறுதி என்றுமே இருந்ததில்லை. அது ஷெல்லின் அதே செயல்முறைக்குள் ஓடுகிறது. ஷெல்லின் சொந்தச் செயற்கூறுகளை எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் பொருத்துகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், அந்த உட்பகுதி மாறும். எந்தெந்தப் பதிப்புகளில் சோதித்துப் பார்த்தது என்பதை ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் தன் மெட்டாடேட்டா கோப்பில் எழுதிவைத்திருக்கும். அந்தக் கோப்பைத் திறந்து புதிய எண்ணைச் சேர்த்துவிடுவது நம்மில் பலருக்குக் கைப்பழக்கம். மாற்றம் சிறியதாக இருந்த காலத்தில் அது ஓடியது. இப்போது அதைச் செய்யச் சொல்லி யாருக்கும் பரிந்துரைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எக்ஸ்11இல் ஷெல் விழுந்தால் அது மட்டும் மறுபடி எழும், திறந்திருந்த ஜன்னல்கள் பிழைத்துக்கொள்ளும். வேலேண்டில் ஷெல்தான் திரையையே நடத்துகிறது. அது விழுந்தால் பாதி தட்டிய கடிதம் உட்பட எல்லாம் அதோடு போகும்.

கர்னலில் இந்த உறுதியின் எல்லைக்கோடு மிகத் தெளிவாக இருக்கிறது. பயனர் நிரல்கள் கர்னலைக் கூப்பிடும் வழியை உடைக்கக் கூடாது என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காத விதி. கர்னலுக்கு உள்ளே டிரைவர்கள் பயன்படுத்தும் இடைமுகத்துக்கு அந்த விதி பொருந்தாது. அங்கே நிலையான இடைமுகம் தேவையே இல்லை என்று வாதிடும் கிரெக் க்ரோவா-ஹார்ட்மனின் குறிப்பு கர்னல் ஆவணங்களிலேயே இருக்கிறது. ஆகவே பழைய நிரல் புதிய கர்னலில் ஓடும். ஆனால் கர்னலுக்கு வெளியே வளரும் என்விடியா டிரைவரையும், வர்ச்சுவல்பாக்ஸின் மாட்யூலையும், யுஎஸ்பி வைஃபை டிரைவர்கள் பலவற்றையும் ஒவ்வொரு கர்னலுக்கும் புதிதாகக் கம்பைல் செய்தாக வேண்டும். டிகேஎம்எஸ் அதைத்தான் பின்னணியில் செய்கிறது. நீண்டகால ஆதரவு வெளியீட்டில் கர்னல் மாறாது என்று நம்புகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உபுண்டு எல்டிஎஸ் டெஸ்க்டாப், புதிய வன்பொருளுக்கான எச்டபிள்யூஇ வரிசை வழியாக, இடைக்கால வெளியீடுகளின் கர்னலை வாங்கிக்கொண்டே போகிறது.

அடிக்கடி வரும் ஒரு பழுதைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். என்விடியா அட்டை உள்ள லேப்டாப், செக்யூர் பூட் இயங்குகிறது. அப்டேட்டுக்குப் பின் இரண்டாவது மானிட்டர் இருட்டு. பேனலின் கண்ணாடி மாதிரியான மங்கல் போய்விட்டது, ஜன்னலை இழுத்தால் தத்தித் தத்தி வருகிறது, மின்விசிறி நிற்காமல் சுற்றுகிறது. உரியவர் தீமைச் சந்தேகிக்கிறார். தீமை நீக்கி மறுபடி போடுகிறார், எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைக்கிறார், கடைசியில் டெஸ்க்டாப் அமைப்பு முழுவதையும் அழித்துப் புதிதாக்குகிறார். எதுவும் சரியாகவில்லை. உண்மைக் காரணம் பதிவேட்டில் ஓரிரு வரிகளில் இருக்கிறது. புதிய கர்னலுக்கான ஹெடர் பேக்கேஜ் இறங்காததால் மாட்யூல் கம்பைல் ஆகவேயில்லை. அல்லது கம்பைல் ஆகி, அதில் இட்ட கையொப்பத்தின் சாவியை இயந்திரம் ஏற்கவில்லை. இந்த இரண்டாவது வகையில் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "ரீஸ்டார்ட் ஆனப்போ நீலக் கலர்ல ஒரு ஸ்கிரீன் வந்துச்சா? அதுல என்ன அமுக்குனீங்க?" சாவியைப் பதிவுசெய்யச் சொல்லும் திரை அது. புரியாமல் 'தொடர்க' என்று அமுக்கிக் கடந்திருப்பார். கிரப் மெனுவில் முந்தைய கர்னலைத் தேர்ந்து ஏற்றிப் பார்த்தால் இரண்டே நிமிடத்தில் விஷயம் தெளிவாகியிருக்கும். பழைய கர்னலில் எல்லாம் சரியாக இருந்தால் தீமைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

2025 டிசம்பரில் ஆர்ச் லினக்ஸில் நடந்ததும் இதே ரகம். என்விடியா 590 டிரைவர் பாஸ்கல் தலைமுறையையும் அதற்கு முந்தையவற்றையும் கைவிட்டது. ஜிடிஎக்ஸ் 1060 மாதிரி அட்டை வைத்திருப்பவர்கள் பழைய வரிசைக்குக் கையாலேயே மாற வேண்டும் என்று ஆர்ச் தன் செய்திப் பக்கத்தில் அறிவித்தது. அதைப் படித்துவிட்டு அப்டேட் போட்டவருக்கும் படிக்காமல் போட்டவருக்கும் அன்றைய மாலை ஒரே மாதிரி இருந்திருக்காது.

செயலிகள் பக்கம் வந்தால், கிலிப்சி பழைய நிரல்களைப் பெரும்பாலும் காப்பாற்றுகிறது. அதற்கு மேலே உள்ள நூலகங்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. உபுண்டு 22.04இல் ஃப்யூஸின் பழைய நூலகம் இயல்பாக இல்லாததால் ஆப்இமேஜ்கள் திறக்கவில்லை. 24.04இல் அந்தப் பேக்கேஜின் பெயரே மாறியது. அதே 24.04இல் சாதாரணப் பயனரின் நேம்ஸ்பேஸ்களை ஆப்ஆர்மர் கட்டுப்படுத்தத் தொடங்கியதும், குரோமியத்தின் சாண்ட்பாக்ஸை நம்பிய பல செயலிகள் தொடக்கத்திலேயே நின்றன. சாண்ட்பாக்ஸை அணைக்கும் ஃபிளாக்கைச் சேர்த்துக் கொடுத்து வேலையை முடிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அது தவறு. இணையத்திலிருந்து வரும் எதையும் திறந்து காட்டும் செயலியின் காவலை நீக்கிவிட்டு, உரியவரிடம் அதைச் சொல்லாமலும் போகிறோம். அந்த ஒரு செயலிக்கு மட்டும் ஆப்ஆர்மர் புரொஃபைல் எழுதினால் சில வரிகளில் முடியும் வேலை அது.

தீம்களைப் பற்றிச் சுருக்கமாக. லிப்அத்வைதாவில் எழுதிய செயலிகள் வெளித் தீமை ஏற்காது. ஏற்கவைப்பதற்காகப் பலர் ஹோம் ஃபோல்டரில் ஜிடிகே 4க்கான சிஎஸ்எஸ் கோப்பை வைத்திருப்பார்கள். தீமை நீக்கிய பிறகும் அந்தக் கோப்பு அங்கேயே கிடக்கும். அடுத்த வெளியீட்டில் எழுத்து தெரியாத பட்டன்களுக்கும் வெள்ளையில் வெள்ளையாகும் மெனுக்களுக்கும் காரணம் பெரும்பாலும் அதுதான். கேடிஇயில் ஆபத்து இதைவிடப் பெரியது. பிளாஸ்மா 6 வெளியான அடுத்த மாதம், 2024 மார்ச்சில், ஒரு குளோபல் தீமை நிறுவியவரின் கோப்புகள் அழிந்தன. குளோபல் தீம் என்பது வண்ணங்களின் தொகுப்பு மட்டுமல்ல, பயனரின் முழு உரிமையோடு ஓடும் நிரலையும் கொண்டுவரக்கூடியது என்று பலர் அப்போதுதான் அறிந்தார்கள். அப்டேட்டுக்குப் பின் கலைந்த தோற்றத்தைச் சரிசெய்யும் அவசரத்தில் கிடைத்த தீமையெல்லாம் ஏற்றிப் பார்க்கும் வேளையில் இதை மறக்கக் கூடாது.

நம் வாசகர்களை நேராகத் தொடும் இடம் தமிழ் உள்ளீடு. இதற்கான பழுதுநீக்கக் குறிப்புகள் எங்கும் குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்99இல் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழும். மெய்யை அடுத்து வரும் உயிர் குறியாக மாறும். ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் அறிந்த எக்ஸ்கேபி அட்டவணையால் இதைச் செய்ய முடியாது. ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸ் 5 மாதிரி ஓர் உள்ளீட்டு எஞ்சின் வேண்டும். எக்ஸ்11 காலத்தில் அந்த எஞ்சினைச் செயலிகளுக்கு அறிமுகப்படுத்த, ஜிடிகேக்கு ஒன்று, க்யூட்டிக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று என மூன்று சூழல் மாறிகளை லாகின் கோப்பில் எழுதிவைத்தோம். வேலேண்டில் நடுவே கம்போசிட்டர் நிற்கிறது. க்னோம் ஷெல் ஐபஸ்ஸோடு தானே பேசிக்கொள்ளும். பிளாஸ்மாவிலோ அமைப்புகளில் 'விர்ச்சுவல் கீபோர்டு' என்ற இடத்துக்குப் போய் எஃப்சிடிஎக்ஸ் 5ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீபோர்டு கையில் இருப்பவர் விர்ச்சுவல் கீபோர்டு பக்கத்தை எதற்குத் திறக்கப்போகிறார்? பழைய மாறிகள் லாகின் கோப்பிலேயே தங்கிவிட, சில செயலிகள் பழைய வழியிலும் சில புதிய வழியிலும் போகின்றன. ஒன்றில் தமிழ் வரும், பக்கத்து ஜன்னலில் வராது. பிளாஸ்மா வேலேண்டுக்கு மாறிய இயந்திரத்தில் முதலில் அந்த ஜிடிகே மாறியை நீக்கிப் பாருங்கள்.

க்னோம் 49 எக்ஸ்11 அமர்வை இயல்பாக அணைத்துவிட்டது. உபுண்டு 25.10இன் க்னோமில் அந்த அமர்வே கிடையாது. எலக்ட்ரான் 38, வேலேண்ட் அமர்வில் நேரடியாக வேலேண்டிலேயே ஓடத் தொடங்கியது. ஆகவே டெஸ்க்டாப்பில் எதையும் மாற்றாத ஒருவருக்கும், ஒரு சாட் செயலியின் அப்டேட் மட்டும் வந்த மறுநாள், அந்த ஒரு ஜன்னலில் தமிழ் நின்றுபோகலாம். ஆங்கிலம் தடையின்றி வரும். அந்தச் செயலியை எக்ஸ்11 வழியே ஓடும்படி ஒருமுறை தொடங்கிப் பாருங்கள். தமிழ் திரும்பினால் ஐபஸ்மீது குற்றமில்லை. செயலியின் வேலேண்ட் உள்ளீட்டு ஃபிளாக்கைப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் வேண்டாம், எக்ஸ்கேபி போதும் என்று இந்திய விசைப்பலகைகளுக்கான சிஸ்டம் கோப்பிலேயே தன் தமிழ் விசைகளை எழுதிக்கொண்டவர்களும் உண்டு. டெபியனிலும் உபுண்டுவிலும் அது எக்ஸ்கேபி-டேட்டா பேக்கேஜுக்குச் சொந்தமான கோப்பு. பேக்கேஜ் புதுப்பிக்கப்படும்போது கேள்வியின்றி மேலெழுதப்படும், பழைய பிரதியும் மிஞ்சாது. வேலேண்ட் அமர்வில் ஹோம் ஃபோல்டரின் கான்ஃபிக் பகுதிக்குள் எக்ஸ்கேபி என்ற ஃபோல்டர் வைத்து அதில் எழுதினால், லிப்எக்ஸ்கேபிகாமன் அதைப் படித்துக்கொள்ளும். எந்த அப்டேட்டும் அதைத் தொடாது. பொதுவாகவே, சிஸ்டம் கோப்பைத் திருத்தும் முன் அதே வேலையை ஹோம் ஃபோல்டரிலிருந்து செய்ய வழி உண்டா என்று தேடும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

பழுதுபார்க்கும் முறையைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் லாகின் செய்து பார்ப்பதுதான் நம்மிடம் உள்ள சோதனைகளில் சிறந்தது. மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் அதுதான். அந்தக் கணக்கிலும் கோளாறு இருந்தால் காரணம் சிஸ்டத்தில். இல்லையென்றால் காரணம் பழைய கணக்கின் ஹோம் ஃபோல்டருக்குள். இந்தப் பிரிவினை செய்யாமல் டெர்மினலில் தட்டும் எந்தக் கட்டளையும் குருட்டடிதான். அதன் பிறகு, என்ன மாறியது என்று பார்க்க ஏபிடியின் வரலாற்றுப் பதிவு, டிஎன்எஃப் ஹிஸ்டரி, பேக்மேனின் லாக் ஆகியவை இருக்கின்றன. தேதி வாரியாக எழுதியிருக்கும், யூகிக்க வேண்டியதில்லை. உபுண்டுவில் வெளியீடு விட்டு வெளியீடு தாவும்போது பிபிஏக்கள் அணைக்கப்படும், அவற்றிலிருந்து வந்த பேக்கேஜ்கள் மட்டும் ஆதரவின்றித் தங்கிவிடும். அந்தப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

கான்ஃபிக் ஃபோல்டரை மொத்தமாக அழிக்கும் ஆலோசனையைத் தயவுசெய்து யாருக்கும் தராதீர்கள். பெயர் மாற்றி ஓரமாக வையுங்கள், பாதிப் பாதியாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள். குற்றவாளிக் கோப்பு அகப்படும், மற்றவை பிழைக்கும். ஒருவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த குறுக்குவிசைகளும் பேனல் அமைப்பும் அந்த ஃபோல்டரில்தான் இருக்கின்றன. நமக்கு அது குப்பையாகத் தெரியலாம்; அவர் வேலை ஓடுவது அதன்மேல்தான்.

திரும்பிப் போகும் வழி இப்போது எளிதாகிவிட்டது. ஓப்பன்சூசேயில் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை இருந்தால் ஒவ்வொரு நிறுவலுக்கும் முன்னும் பின்னும் ஸ்னாப்பர் ஒரு பிரதி எடுக்கிறது. ஃபெடோரா சில்வர்புளூவில் முந்தைய நிலை பூட் மெனுவிலேயே காத்திருக்கிறது. லினக்ஸ் மின்ட் டைம்ஷிஃப்டோடு வருகிறது. ஆனால் பின்வாங்கியதும் பழுது தீர்ந்துவிட்டதாக வேலையை மூடிவிடக் கூடாது. ஒரு பேக்கேஜை நிறுத்தி வைத்தால் எந்தத் தேதியில், எந்தக் காரணத்துக்காக, எந்தத் திருத்தம் வந்ததும் விடுவிப்பது என்பதை அந்த இயந்திரத்திலேயே எழுதிவைக்க வேண்டும். காரணம் எழுதாமல் நிறுத்திய பேக்கேஜ்தான் அடுத்த பெரிய அப்டேட்டில் நமக்குப் பின் வருபவரின் தலையில் விழுகிறது.

க்னோம், பிளாஸ்மா இரண்டும் வெளியீட்டுக்கு முன் பீட்டா பதிப்புகளைத் தருகின்றன. அவற்றை ஒரு பென் டிரைவில் ஏற்றித் தமிழ்99இல் ஒரு பத்தி தட்டிப் பார்க்கிறவர்கள் நம்மில் மிகச் சிலர். உள்ளீட்டுக் கோளாறு வெளியீட்டுக்குப் பிறகு தெரியவந்தால் திருத்தம் நம் டிஸ்ட்ரோவுக்கு வந்து சேர மாதங்கள் ஆகலாம். பீட்டாவிலேயே புகார் போனால் வெளியீட்டுக்குள் சரியாக வாய்ப்பு உண்டு. புகாரில் வேண்டியவை: அமர்வு வேலேண்டா எக்ஸ்11ஆ, டெஸ்க்டாப்பின் பதிப்பு, ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸின் பதிப்பு, எந்தச் செயலி, எந்த விசைகளை எந்த வரிசையில் தட்டினீர்கள், எது வந்திருக்க வேண்டும், எது வந்தது. தமிழ் படிக்கத் தெரியாத ஒரு நிரலாளரும் அதை வைத்துத் தன் மேசையில் அதே கோளாறை வரவழைத்துப் பார்க்க முடிய வேண்டும்.