எண்களின் தோற்றமும் பிறப்பும்

இரகசியக் குறியீட்டின் வலிமை, அதன் சாவி எண்ணை எவரும் ஊகிக்க இயலாமையில் அடங்கியுள்ளது. 2006-இல் டெபியன் மென்பொருளில் நேர்ந்த ஒரு பிழையால், ஒவ்வொரு வகையிலும் உண்டாகக்கூடிய சாவி எண்கள் 32,768 அளவிற்குச் சுருங்கின. 2008 வரை எவரும் அதனை அறிந்திலர். அவ்வெண்கள் பார்வைக்கு ஒழுங்கற்றே தோன்றின.

பௌதிக நிகழ்ச்சிகளிலிருந்து எண்களைப் பெறும் கருவிகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். புள்ளியியற் சோதனையில் தேறுவது மட்டும் போதிய சான்றாகாது. பை என்னும் எண்ணின் இலக்கங்களும் அச்சோதனைகளில் தேறுகின்றன. ஆயினும் அவற்றை யாவரும் கணித்துவிடலாம்.

பெங்களூரு இராமன் ஆராய்ச்சிக் கழகத்தார் 2024-இல் வெளியிட்ட பரிசோதனை வேறு வழி காட்டுகிறது. விடைகள் முன்னரே நிச்சயிக்கப்பட்டிருப்பின், உரிய நிபந்தனைகளில் லெகெட்–கார்க் சமனின்மை மீறப்படாது. ஒற்றை ஒளித்துகள்களைக் கொண்டு அம்மீறலை நிறுவி, 9 இலட்சத்திற்கு மேற்பட்ட இருமை இலக்கங்களை, வினாடிக்கு ஏறத்தாழ 4,000 வீதம் அவர்கள் பெற்றனர்.

இம்முறை ஆய்வுக்கூடத்தைக் கடந்து எங்கும் பரவக் காலமாகலாம். எனினும் அதன் நெறியை இன்றே மேற்கொள்ளலாம்: கருவி வாங்கும் அலுவலர் எண்களின் தோற்றத்தோடு நில்லாது, அவற்றின் பிறப்பிற்கும் சான்று கேட்டல் வேண்டும். ஆசிரியர்களோ, காசு சுண்டிப் பெற்ற வரிசையையும், பையின் இலக்கங்களை ஒற்றை, இரட்டை என மாற்றிய வரிசையையும் மாணவர்முன் வைத்து, எது எதுவென வினவலாம். விடை கூற இயலாமையே பாடமாகும்.