தமிழ்வழிப் பிள்ளைக்குக் கைகொடுப்பார் யார்?

‘தமிழ் வாழ்க’ என்று முழங்குவது எளிது. தமிழில் படித்த பிள்ளை வாழ வழிகாட்டுவதோ அரிது. மொழிப்பற்று மேடையில் அளக்கப்படுவதன்று. பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, மதிப்பெண் பட்டியலைக் கையில் ஏந்தி, அடுத்து எவ்வாயிலைத் தட்டுவதென்று அறியாமல் தெருவில் நிற்கின்றானே தமிழ்வழி மாணவன், அவன் எங்குச் சென்று சேர்கின்றான் என்பதில் அளக்கப்படுவது அது. “தமிழில் படித்ததனால் கெட்டேன்” என்று அவன் ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். நூறு மாநாடுகள் ஈட்டித் தந்த பயன் அவ்வொரு சொல்லில் அழிந்துபோகும்.

சென்னையின் தென்கரையில் உள்ள பாலவாக்கத்தை எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊர் அது. கிழக்கே கடல், கடலையொட்டி, 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை புகுந்து சென்ற மீனவர் குப்பம். நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையும் அதன் இருமருங்கும் எழுந்த மாளிகைகளும். மேற்கே பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பால் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள். வடமேற்கே சில கல் தொலைவில் அண்ணா பல்கலைக்கழகமும் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும். இத்தனைக்கும் இடையில் வாழும் குப்பத்துப் பிள்ளைக்கு அக்கல்விக் கூடங்கள் பேருந்தில் ஒருமணி நேரத் தொலைவுதான். ஆனால் அவற்றின் வாயிலுக்குச் செல்லும் வழியைச் சொல்வார் இல்லாமையால், அவை கடலுக்கு அப்பாலுள்ள நாடுகளைப்போல் தோன்றுகின்றன.

மாளிகைப் பிள்ளைக்கும் குப்பத்துப் பிள்ளைக்கும் அறிவில் வேறுபாடு இல்லை, செய்தியில்தான் வேறுபாடு. மாளிகைப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே அவன் வீட்டில் பேச்சுத் தொடங்கிவிடுகின்றது. எந்தப் பாடப்பிரிவு, எந்தத் தேர்வு, எந்த நாளுக்குள் எந்தப் படிவம் என்பன தந்தைக்குத் தெரியும்; தந்தைக்குத் தெரியாதது மாமனுக்குத் தெரியும்; மாமனுக்கும் தெரியாததைப் பணம் வாங்கிக்கொண்டு சொல்லும் பயிற்சி நிலையத்துக்குத் தெரியும். விடியுமுன் கட்டுமரம் ஏறுபவனும், தலையில் கூடை சுமந்து மீன் விற்பவளும் தம் பிள்ளைக்கு இவற்றை எங்ஙனம் சொல்லுவர்? அவர்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதிக்கப்போகும் முதல் கால் அப்பிள்ளையின் காலன்றோ!

தமிழ்வழியிற் படித்தமையே அவன் குறை என்று கூறுவார் உளர். அக்கூற்று வரலாற்றின்முன் நில்லாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் வெளியிட்டார். அயலான் ஒருவன் அன்று செய்ததை இன்று இயலாதென்பார் தமிழரே ஆதல் இரங்கத்தக்கது. கோவை அரசு கலைக் கல்லூரியில் 1960ஆம் ஆண்டளவில் கல்லூரிக் கல்வி தமிழ்வழியில் தொடங்கப்பெற்றது. 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. மொழி தடையன்று, மொழியின் பெயரால் எழுப்பப்பட்ட வேலிகளே தடை.

அவ்வேலிகளுள் கொடியதொன்றை ஈண்டு நினைவுகூர்தல் தகும். தமிழகத்தில் 1984 முதல் நடந்துவந்த தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு 2007இல் சட்டத்தால் நீக்கப்பட்டது. பள்ளியில் படித்த பாடமும் அதில் பெற்ற மதிப்பெண்ணுமே அளவுகோல் ஆயின. அந்த நயன்மை பத்தாண்டுகளே நின்றது. 2017 முதல் மருத்துவக் கல்விக்கு நீட் தேர்வு தமிழகத்தின்மேல் திணிக்கப்பட்டது. பொதுத்தேர்வில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்ற அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா, அத்தேர்வை எதிர்த்து உச்சமுறைமன்றம்வரை சென்றும் மருத்துவக் கல்லூரியில் இடம்பெறாமல், அவ்வாண்டு செபுதம்பர் முதல் நாளில் நாம் இழந்த மகளானாள்.

அடுத்த ஆண்டு, 2018இல், நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்புப் பிழையானது என்று வழக்குத் தொடரப்பட்டது. வினாவுக்கு 4 மதிப்பெண் வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு மதுரை உயர்முறைமன்றக் கிளை சூலை 10ஆம் நாள் தீர்ப்பளித்தது. அதே திங்களில் உச்சமுறைமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. இரு மொழி வினாக்களிடையே மாறுபாடு காணின் ஆங்கில வடிவமே முடிபானது என்பது அத்தேர்வின் விதி. அஃதாவது, தமிழில் எழுதலாம் என்று வாயிலைத் திறந்து, தமிழைப் பிழையாக எழுதி வைத்துவிட்டு, ஆங்கிலம் அறியாமை உன் குற்றம் என்று கூறுவது அவ்விதி. இவ்வநயத்தை எதிர்த்துப் போராடுதல் கடன். அதில் இருகருத்து இல்லை.

ஆயினும், போராட்டம் வெல்லும் நாள்வரை இவ்வாண்டுப் பிள்ளை காத்திருக்க முடியாது. அவனுக்குப் பதினேழு அகவை ஒருமுறைதான் வரும். ஆகலின், எதிர்த்துப் போராடுவோர் கையே அவனுக்கு வழிகாட்டும் கையாகவும் இருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் தமிழ்ப்பற்றாளர் தம் நெஞ்சைத் தாமே தொட்டுப் பார்த்துக்கொள்ளல் நன்று. மேடையில் தமிழ்வழிக் கல்வியை முழங்குவோருள் எத்துணைப்பேர் தம் மக்களைத் தமிழ்வழியிற் சேர்த்துள்ளனர்? 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. 2023ஆம் ஆண்டு மே திங்களில், சேர்க்கை குறைந்தது என்று காரணங்காட்டி, உறுப்புக் கல்லூரிகள் பலவற்றில் தமிழ்வழிப் பொறியியலை நிறுத்துவதாக அண்ணா பல்கலைக்கழகம் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. எதிர்த்துக் குரல் கொடுத்தது நன்றே. ஆனால், அவ்விடங்கள் ஏன் வெறுமையாகக் கிடந்தன? அப்படியொரு படிப்பு உண்டென்று பாலவாக்கத்துக் குப்பத்தில் எந்தத் தமிழ்த்தொண்டன் சென்று சொன்னான்? பிறர்மேல் வீசும் கேள்விகளுள் ஒன்று தம்மேலும் திரும்புதல் வேண்டும்.

இனிச் செய்யத்தக்கன யாவை?

முதலாவது, மேனிலை முதலாண்டைப் புறக்கணியாமை. 2017-18இல் கொண்டுவரப்பட்ட பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நலமே. ஆயின், பொதுத்தேர்வு இல்லையென்று அவ்வாண்டுப் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் உருப்போடச் செய்யும் பழைய தீயவழக்கம் மீண்டும் தலைதூக்கலாகாது. நுழைவுத்தேர்வுகள் ஈராண்டுப் பாடத்தினின்றும் வினவுகின்றன. கல்லூரி முதலாண்டோ அவ்விரண்டும் தெரியும் என்று எண்ணிக்கொண்டே தொடங்குகின்றது.

இரண்டாவது, கணக்கை முன்கூட்டியே அறிதல். தமிழகப் பொறியியற் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு இல்லை. கணக்குப் பாடத்தின் மதிப்பெண் 100க்கும், இயற்பியல், வேதியியல் ஆகியன ஒவ்வொன்றும் 50க்குமாகக் குறுக்கப்பட்டு, 200க்குத் தரவரிசை அமைகின்றது. எந்தப் பாடத்தில் ஒரு மதிப்பெண் இரட்டிப்பாய்ப் பயன் தரும் என்பதைச் சூன் திங்களிலேயே அறிந்த பிள்ளையின் உழைப்பும், மே திங்களில் அறிந்த பிள்ளையின் உழைப்பும் ஒன்றாகா.

மூன்றாவது, சான்றுகளைப் பொங்கல் விடுமுறைக்குள் தொகுத்துவைத்தல். சாதிச் சான்று, வருவாய்ச் சான்று, இருப்பிடச் சான்று, முதற்பட்டதாரிச் சான்று ஆகியவற்றில் பெயரும் பிறந்த நாளும் பள்ளிப் பதிவோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். தந்தை பெயரில் ஓர் எழுத்து மாறியதற்காக, தேர்வு முடிவு வந்தபின் இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் இடையே அலைந்து இடத்தை இழப்போர் ஆண்டுதோறும் உளர். எழுத்தறிந்த ஒருவர் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினால் தீரும் துன்பம் இது.

நான்காவது, உரிமைகளை எடுத்துரைத்தல். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியிற் படித்தோர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. இதனை அறியாமல், ‘நன்றாகப் படிக்கின்றான்’ என்று ஒன்பதாம் வகுப்பில் கடன்வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், மகனின் உரிமையைத் தம் கையாலேயே கிழித்தெறிகின்றனர். கல்லூரி செல்லும் அரசுப்பள்ளி மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 உருபா வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பெற்றன. அரசுதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியிற் பயின்றோரும் இவற்றுள் சேர்க்கப்பெற்றனர்.

ஐந்தாவது, யாவற்றினும் தலையாயது, பயிற்றுமொழியைத் தேர்தல். அரசுப் பணியமர்த்தத்தில் தமிழ்வழியிற் படித்தோர்க்கு 20 விழுக்காட்டு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. 2020இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பள்ளி தொடங்கி அப்பணிக்குரிய கல்வித்தகுதிவரை முழுமையும் தமிழ்வழியிற் படித்தவரே அதற்குரியர். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழிற் படித்த பிள்ளை, கல்லூரியில் மூன்றாண்டு ஆங்கிலவழியைத் தேர்ந்த அன்றே, பட்டப்படிப்பைத் தகுதியாகக் கொண்ட பணிகளில் அம்முன்னுரிமையை இழக்கின்றான். படிவத்தில் ‘பயிற்றுமொழி’ என்னும் ஒரே கட்டத்தில் இடப்படும் குறி அவன் எதிர்காலத்தைத் திருப்பிவிடுகின்றது. அக்கட்டத்தின் பொருளை அவனுக்குச் சொன்னவர் யார்? தமிழ் சோறு போடாது என்று பழிப்பவர்க்கு விடை இச்சட்டத்தில் இருக்கின்றது. ஆனால் அவ்விடை படிவத்தை நிரப்பும் பிள்ளையின் காதுக்கு எட்டவில்லை.

ஆறாவது, ஒரு வாயில் அடைபட்டால் வாழ்வே அடைபட்டதென்று பிள்ளை எண்ணாதவாறு காத்தல். மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டே கல்வி என்றெண்ணும் பேதைமையைப் பெற்றோரிடமிருந்தும் களைதல் வேண்டும். கடலை அறிந்த குடியிற் பிறந்தவனுக்கு, 1977இல் தொடங்கப்பெற்ற தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி உண்டென்பதும், 2012 முதல் நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இயங்குவதும் தெரியவேண்டாவா? தரமணியின் தொழில்நுட்பப் பயிலகங்களும், மயிலையின் இராணி மேரிக் கல்லூரியும், கடற்கரைச் சாலையின் மாநிலக் கல்லூரியும், நந்தனத்தின் அரசு கலைக் கல்லூரியும் பாலவாக்கத்துப் பிள்ளைக்கு வீட்டிலிருந்தே சென்றுவரத்தக்க தொலைவினவே. தேர்வில் தவறியவனுக்குச் சில கிழமைகளில் துணைத்தேர்வு உண்டு. அவ்வாண்டே கல்லூரியில் சேரவும் வழியுண்டு. தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியே விடாமல் அருகில் ஒருவர் அமர்ந்திருத்தல், வேறெந்த அறிவுரையினும் பெரிது. உயிரினும் பெரிய தேர்வை எந்த அரசும் நடத்தவில்லை.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டா. கிழமைக்கு இரண்டு மாலை, ஒரு திண்ணை, ஒரு விளக்கு, இணையம் உள்ள ஒரு கைப்பேசி, படித்த ஒருவர், பத்துப் பிள்ளைகள் – இவ்வளவே. ஓய்வுபெற்ற ஆசிரியரும் அலுவலரும் நம்மிடையே குறைவில்லை. ஓர் ஊருக்கு ஒருவர் இதனைத் தலைமேற்கொண்டால், சேர்க்கைக் காலத்தில் தமிழ்வழிப் பிள்ளைக்கு அஞ்சிநிற்கும் நிலை வாராது.

அரசும் தன் கடனைச் செய்தல் வேண்டும். சேர்க்கைப் படிவங்களும் குறிப்பேடுகளும் முதலில் தமிழில் வருதல் வேண்டும். தமிழ்வழிப் பட்டப்படிப்புகளுக்குரிய நூல்கள் வகுப்புத் தொடங்கும் நாளிலேயே மாணவர் கையில் இருத்தல் வேண்டும். நுழைவுத்தேர்வு வினாத்தாளில் ஐயம் எழின் தமிழ் வடிவத்தை நம்பி எழுதியவன் தண்டிக்கப்படலாகாது. இவற்றைக் கேட்டுப் பெறும் தகுதி, பிள்ளைகளோடு திண்ணையில் அமர்ந்து படிவம் நிரப்பியவர்க்கே முழுமையாக உண்டு. ஏனெனில், எங்கு முள் தைக்கின்றது என்பதை அவரே அறிவர்.

பாலவாக்கத்துக் கரையில் படகு கரையேறும்போது, தன் படகு பிறன் படகு என்று பாராமல் கடலோரத்தில் நிற்பவர் யாவரும் தோள்கொடுத்து இழுப்பர். அலையை வைதுகொண்டு கரையில் நிற்பவனை அங்கு யாரும் மீனவன் என்று மதிப்பதில்லை. தமிழ்வழிப் பிள்ளையும் இன்று அலையின் நடுவே வந்துகொண்டிருக்கின்றான். தோள்கொடுக்க வேண்டியவர் தமிழ்ப்பற்றாளர். வரும் சூன் திங்களில் பள்ளி திறக்கும் நாளிலேயே அத்தொண்டு தொடங்குக!